மேஜர் ஸ்கேலிலிருந்து ட்ரையட் எடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: சி மேஜர் ஸ்கேல் வாசிக்க வருகிறது சார். சேர்ந்து ஒலிக்கும் சுரங்களான கார்ட் எங்கிருந்து வருகிறது என்றுதான் புரியவில்லை.

பதில்: அந்த ஸ்கேலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு சுரத்தை எடுங்கள், அடுத்ததை விடுங்கள். சி, ஈ, ஜி. ஒரு ட்ரையட், அதாவது மூன்று சுரக் கார்ட், கிடைத்துவிட்டது. டி-யில் தொடங்கினால் டி, எஃப், ஏ. இப்படி ஏழு சுரத்துக்கும் ஏழு.

கேள்வி: எடுக்கும் முறை ஒன்றுதானே? அப்புறம் சி மேஜராகவும் டி மைனராகவும் ஏன் ஆகின்றன?

பதில்: கீபோர்டில் விரல் வைத்து எண்ணுங்கள், கறுப்புக் கட்டையையும் விடாமல். சி-க்கு அடுத்து சி ஷார்ப் ஒன்று, டி இரண்டு, டி ஷார்ப் மூன்று, ஈ நான்கு. ஈ-யிலிருந்து ஜி-க்கு மூன்று. நான்கு, மூன்று என்று வந்தால் மேஜர். டி-யிலிருந்து எஃப் மூன்று, எஃப்-இலிருந்து ஏ நான்கு. அது மைனர். ஈ-க்கும் எஃப்-க்கும், பி-க்கும் சி-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது. எந்த மேஜர் ஸ்கேலிலும் 1, 4, 5-வது சுரங்களில் தொடங்கும் ட்ரையட்கள் மேஜர். 2, 3, 6 மைனர். 7 மட்டும் மூன்று, மூன்று, அதாவது டிமினிஷ்ட். மனப்பாடம் செய்வதற்கு முன் ஒருமுறை ஏழையும் எண்ணிவிடுங்கள்.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் படித்தவள். சங்கராபரணத்தில் இதைச் செய்யலாமா?

பதில்: தாராளமாக. 29-வது மேளமான சங்கராபரணமும் மேஜர் ஸ்கேலும் அதே சுரங்கள்தான். ச-க-ப மேஜர், ரி-ம-த மைனர். தாட்டு வரிசை பாடியவருக்குச் சுரம் தாண்டுவது புதிதில்லை. சுரத்தை அசைக்கும் கமகம் மட்டும் வேண்டாம். மூன்றும் அசையாமல் சேர்ந்து ஒலிக்கட்டும்.

கேள்வி: எஃப் மேஜரில் நாலாவது ட்ரையட்டை ஏ ஷார்ப், டி, எஃப் என்று எழுதினேன். தப்பு என்கிறார்கள். கட்டை ஒன்றுதானே?

பதில்: கட்டை ஒன்றுதான், பெயர் வேறு. ஸ்கேலில் ஏ ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் எழுதியபடி பார்த்தால் ஏ இரண்டு, பி இல்லை. முதலில் வெறும் எழுத்துகளை எழுதுங்கள்: பி, டி, எஃப். பிறகு அந்த ஸ்கேலின் ஃபிளாட்டை, அதாவது ஒரு கட்டை இறக்கத்தை, சேருங்கள்: பி ஃபிளாட், டி, எஃப்.

கேள்வி: ஈ, ஜி, சி என்று வாசித்தாலும் சி மேஜர்தானா?

பதில்: ஆமாம், அதே சுரங்கள், வரிசை மட்டும் வேறு. அதற்குப் பெயர் இன்வெர்ஷன்.

கேள்வி: டி மேஜரில் ஆறாவது?

பதில்: எழுத்து அதே பி, டி, எஃப். டி மேஜரில் எஃப்-உம் சி-யும் ஷார்ப். ஆகவே பி, டி, எஃப் ஷார்ப்: பி மைனர். இப்போது எஃப் ஷார்ப்பிலிருந்து விரலை எஃப்-க்கு இறக்குங்கள். சி மேஜரின் ஏழாவது ட்ரையட், அந்த டிமினிஷ்ட், வந்துவிடும். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் கேளுங்கள்.