இலங்கைக் காட்டுக்குப் போகிறவர்கள் கேட்டவை

விடுமுறைக்கு இலங்கை வருகிறோம், ஒரு நாளாவது காட்டுக்குப் போக வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மதுரையிலிருந்து: அண்ணா, டிசம்பரில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வருகிறோம். சஃபாரிக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. எல்லோரும் யால தேசிய பூங்கா என்கிறார்கள். போகலாமா?

உங்களுக்கு உடவளவைதான் சரி. டிசம்பர் மழைக்காலம். யாலவில் பள்ளமெல்லாம் தண்ணீர் நிற்கும், விலங்குகள் குளக்கரைக்கு வரவேண்டிய தேவையே இருக்காது. பற்றைக்காட்டுக்குள், அதாவது புதருக்குள், நின்றுகொள்ளும். உடவளவை அப்படியில்லை. 308 சதுர கிலோமீட்டர், நடுவில் பெரிய நீர்த்தேக்கம், சுற்றிலும் புல்வெளி. வருடம் முழுவதும் யானைகள் அங்கே இருக்கும். அரை நாளிலேயே குட்டியோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிடலாம். ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பிள்ளைகளும் சோர்ந்துவிடும், யானைகளும் நிழலுக்குப் போய்விடும்.

பூங்காவுக்குப் பக்கத்திலேயே வனஜீவராசிகள் திணைக்களத்தின் யானைக் குட்டிகள் இல்லம் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

திருச்சியிலிருந்து: அந்த இல்லத்தில் குட்டிகளைத் தொட விடுவார்களா? என் மகளுக்கு அதுதான் ஆசை.

விடமாட்டார்கள். விடாததால்தான் அந்த இடத்தை எனக்குப் பிடிக்கும். 1995-இல் தொடங்கியது. தாயை இழந்த குட்டிகள், கிணற்றிலும் குழியிலும் விழுந்து கிடந்தவை, எல்லாம் அங்கே வரும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் தூரத்தில் கட்டியிருக்கும் மேடையில் இருந்து பார்க்கலாம். கதவைத் திறந்ததும் குட்டிகள் காதை விரித்துக்கொண்டு ஓடிவரும். குழாய் வாயில் இருக்கும்வரை கண் அசையாது. பால் முடிந்ததும் நகராமல் இன்னும் கேட்டுக் கத்தும். பராமரிப்பாளர் மெல்லத் தள்ளி இலைதழைப் பக்கம் அனுப்பிவிடுவார்.

வளர்ந்த பிறகு இவற்றைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். மனிதர் கையைத் தேடிப் பழகிய குட்டி, நாளைக்குப் பெரிய யானையாகி ஊருக்குள் வந்து நின்றால் என்ன ஆகும்? மகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். பிள்ளைகளுக்கு இது நம்மைவிடச் சீக்கிரம் புரிகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து: சிறுத்தை கட்டாயம் காணக்கூடிய இடம் எது?

கட்டாயம் என்று எந்த இடமும் இல்லை தம்பி. வாய்ப்பு அதிகம் யாலவின் முதலாம் வலயத்தில். இந்தத் தீவில் புலியோ சிங்கமோ கிடையாது, அதனால் சிறுத்தைக்கு மேலே ஆள் இல்லை. பட்டப்பகலில் பாதையில் படுத்திருக்கும். ஆனால் ஒரு சிறுத்தை தென்பட்டால் போன் பறக்கும், இருபது முப்பது ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து சேரும். அதில் நானும் ஒருமுறை மாட்டினேன். சிறுத்தை மரத்திலிருந்து இறங்க வழியில்லாமல் இருந்ததைப் பார்த்தபின், அந்தப் பக்கம் விடுமுறை நாட்களில் போவதில்லை.

உங்களுக்கு வில்பத்து கிட்ட. 1,317 சதுர கிலோமீட்டர், நாட்டிலேயே பெரிய தேசிய பூங்கா. யுத்தத்தால் 1988 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. வில்லு என்று சொல்கிற இயற்கைக் குளங்கள்தான் அதன் உயிர். டிரைவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்: எங்களுக்கு அவசரமில்லை, ஒரு வில்லுக்கரையில் நிறுத்தி இயந்திரத்தை அணையுங்கள் என்று.

போன ஜூனில் அப்படித்தான் இருந்தோம். புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று எல்லாத் தலையும் ஒரே திசையில் நிமிர்ந்தது. ஒரு மான் முன்காலை நிலத்தில் அடித்தது. மேலே மரத்தில் மந்தி ஒன்று குரைத்தது. நாற்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பெண் சிறுத்தை ஒன்று எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மணற்பாதையைக் கடந்தது. வாலை மேலே வளைத்திருந்ததால் நுனியின் அடிப்பக்க வெள்ளை பற்றைக்குள் போகும்வரை தெரிந்தது. மான் சொல்வதைக் கேட்டால் போதும், போன் தேவையில்லை.

டொரோண்டோவிலிருந்து: எங்களுக்கு வெளிநாட்டவர் கட்டணமா?

இலங்கை அடையாள அட்டை இருந்தால் உள்ளூர்க் கட்டணம், மறக்காமல் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் வெளிநாட்டவர் கட்டணம்தான். இந்தியா உட்பட சார்க் நாட்டவருக்குக் குறைவு. நுழைவுச் சீட்டுக்கு மேலே சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் சேரும், ஜீப் வாடகை தனி. பேசும்போது முழுத்தொகையாகக் கேட்டுப் பேசுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: ஆகஸ்ட், செப்டம்பர் எங்களுக்கு வசதி. எங்கே போகலாம்?

மின்னேரியா. மகாசேன மன்னன் கட்டிய குளம், மூன்றாம் நூற்றாண்டு. கோடையில் நீர் வற்ற வற்ற, குளத்தின் அடிநிலத்தில் இளம்புல் முளைக்கும். அதைத் தேடி சுற்றுக்காடுகளிலிருந்து யானைகள் வந்து சேரும். மாலை நான்கு மணிக்குக் கரையில் நின்றால் நூறு, இருநூறு என்று பார்க்கலாம். குளத்தில் நீர் உயர்ந்து நின்றால் புல் இருக்காது, யானைகள் பக்கத்துக் கவுடுல்ல பூங்காவுக்குப் போய்விடும். அன்றைக்கு எங்கே நிற்கின்றன என்று டிரைவர்களுக்குத் தெரியும், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். யாலவின் முதலாம் வலயத்தை வறட்சிக்காக வழக்கமாக செப்டம்பரில் மூடிவிடுவார்கள்.

மட்டக்களப்பிலிருந்து: எங்கள் அம்மம்மா உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தவர். அவர் நடந்த காடும் இந்த யாலவும் ஒன்றா?

ஒன்றேதான். உகந்தை முருகன் கோயிலைத் தாண்டினால் குமண, அதைத் தாண்டினால் யால, அதன் மறுபக்கத்தில் கதிர்காமம். ஜீப்பில் ஏறாமல் இந்தக் காட்டுக்குள் போக அனுமதி உள்ளவர்கள் அந்தப் பாதயாத்திரை அடியார்கள் மட்டும்தான். அதுவும் திருவிழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு. அம்மம்மா நடந்த காலம் பாலைப்பழக் காலமாகவும் இருந்திருக்கும். கேட்டுப் பாருங்கள், உதட்டில் பால் ஒட்டப் பழம் தின்ற கதை சொல்வார்.

கரடி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் அதே மாதங்கள்தான், மே கடைசி முதல் ஜூலை வரை. பாலை மரத்துக்குப் பக்கத்தில் ஜீப்பிலேயே காத்திருங்கள். கரடி மரத்தில் ஏறிக் கொப்பை வளைத்துப் பழத்தை உருவித் தின்னும். வயிறு நிறைந்தால் மரத்தடியிலேயே சரிந்துவிடும். மற்ற மாதங்களில் இவ்வளவு நேரம் நின்று காட்டாத விலங்கு அது.

சேலத்திலிருந்து: என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது?

மங்கிய நிறத்தில் பருத்தி உடை, புழுதிக்கு ஒரு துண்டு, தண்ணீர், இருந்தால் ஒரு பைனாகுலர். பொலித்தீன் பை வேண்டாம். யாலவில் பட்டனங்கல கடற்கரையில் ஜீப்பிலிருந்து இறங்க விடுவார்கள். 2004 சுனாமியில் அங்கே இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது, ஒரு நிமிடம் நின்று வாருங்கள்.

கொழும்பிலிருந்து: உடவளவைத் தெருவோரம் மின்வேலிக்குள் யானைகள் வந்து நிற்கின்றனவே. வாழைப்பழம் கொடுத்தால் தவறா?

தவறு. தயவுசெய்து கொடுக்காதீர்கள். பழத்துக்காக வேலியோரம் நிற்கப் பழகிய யானை மேய்ச்சலுக்குப் போகாது. ஒருநாள் வேலியை உடைத்து வாகனத்துக்கே வரும். அன்றைக்கு அதைத்தான் குற்றவாளி என்பார்கள். பழத்தோடு சேர்த்துப் பையையே விழுங்கப் பார்த்த ஒரு கொம்பனை நான் பார்த்தேன். இந்தத் தீவில் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே தந்தம் உண்டு. அப்படி ஒன்று வாய் ஓரத்தில் பொலித்தீன் தொங்க நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போங்கள். மாலை நாலரைக்குப் பூங்காவுக்குள் நீர்த்தேக்கத்தின் கரையில் நிறுத்தினால், அதே யானைகளின் உறவுகள் தண்ணீரில் புரள்வதைப் பார்க்கலாம்.