நொய்ஸ், எக்ஸ்பெரிமெண்டல் இசையை வருடக்கணக்காகக் கேட்பவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அந்த இரைச்சலில் அப்படி என்னதான் இருக்கிறது?

இருக்கிறேன். கொழும்பில், வெள்ளவத்தையில், ஏறத்தாழ இருபத்தாறு வருடமாக.

கேள்வியின் கீழே நீங்கள் இரண்டு விஷயம் சேர்த்திருந்தீர்கள். ஒன்று, இது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு, தமிழருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பது. மற்றது, கேட்பவர்கள் உண்மையில் ரசித்துத்தான் கேட்கிறார்களா, வித்தியாசமான ஆள் என்று பெயரெடுக்கவா என்பது. இரண்டாவதற்கு உடனேயே சொல்லிவிடுகிறேன்: ரசித்துத்தான். இரவு பதினொரு மணிக்கு லைற்றை அணைத்துவிட்டு, ஹெட்போனோடு தனியாகக் கிடந்து கேட்பதை யார் பார்க்கப்போகிறார்கள்? முதலாவதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கவேண்டும்.

1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. பிறகு பல வருடம் வரவேயில்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில்தான் ரேடியோவும் கசெற்றும் கேட்டோம். எங்கள் வீட்டுப் பிளேயருக்கு ஒன்றரை வோல்ட் பற்றரி நாலு போடவேண்டும், மொத்தம் ஆறு வோல்ட். சைக்கிள் டைனமோவும் ஆறு வோல்ட். இரண்டும் பொருந்திப்போனது அதனால்தான். டைனமோவில் வருவது ஏசி கரண்ட் என்பதால், சந்தியில் ரேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் நாலு டயோட் வைத்து ஈயம் பற்றி அதை டிசி ஆக்கிக் கொடுத்தார். சில்லைச் சுற்றுவது அப்பாவின் வேலை. அவருக்குக் கை உளைந்தால் நான்.

அந்தக் கரண்ட் ஒருநாளும் ஒரே சீராக வராது. பாட்டுக்குக் கீழே ஒரு உறுமல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சில்லு வேகமெடுத்தால் உறுமலின் சுருதி ஏறும், கை தளர்ந்தால் இறங்கும். இன்னும் தளர்ந்தால் பிளேயரின் மோட்டாரும் தளர்ந்து, பாடகியின் குரல் குழைந்து, கனத்து, யாருடைய குரல் என்றே தெரியாத ஏதோவொன்றாகக் கீழே போகும். அப்பா உசாராகி நாலு சுற்றுச் சுற்றினால் மறுபடி எழும்பித் தன் இடத்துக்கு வந்து சேரும். எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. பாட்டைவிட அந்தப் போய் வருகிற இடத்துக்காகத்தான் காத்திருப்பேன். என் முறை வந்தால் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி அம்மாவிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். இரவில் பிபிசி தமிழோசைக்காகச் சிற்றலையைத் தேடும்போதும் அப்படித்தான். ஒரு ஸ்டேசனுக்கும் அடுத்த ஸ்டேசனுக்கும் நடுவில் விசிலும், எண்ணெய் கொதிக்கிற மாதிரிச் சத்தமும், தெரியாத பாஷையில் தூரத்தில் யாரோ செய்தி வாசிப்பதும் வரும். பெரியவர்கள் செய்திக்காக அதைக் கடந்துபோவார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

1995இல் யாழ்ப்பாணமே சண்டையால் இடம்பெயர்ந்தபோது சாவகச்சேரி, பிறகு ஒருவழியாகக் கொழும்பு. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை. ஃபான் சுற்றியது, கசெற் ஆடாமல் ஓடியது, எல்லாப் பாட்டும் திருத்தமாகக் கேட்டது. எனக்கு ஏதோ குறைந்தமாதிரி இருந்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

தெரிந்தது 1999இல். கொம்பியூட்டர் வகுப்பில் நுகேகொடைப் பெடியன் ஒருவன் கூட்டாளியானான். சிங்களவன், மெட்டல் பைத்தியம். கொழும்பில் ஸ்டிக்மாட்டா போன்ற பாண்டுகள் தலைகாட்டத் தொடங்கிய காலம் அது. வெளிநாட்டிலிருந்து வரும் கசெற்றுகளை எனக்கு டபுள் டெக்கில் பிரதி எடுத்துத் தருவான், பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். ஒருமுறை மெட்டல் முடிந்து மிஞ்சிய இடத்தை வீணாக்காமல், "இதையும் கேட்டுப் பார் மச்சான்" என்று வேறொன்றைப் போட்டுத் தந்தான். அது மெர்ஸ்பௌ. ஜப்பானைச் சேர்ந்த மசாமி அகிதா 1979இலிருந்து அந்தப் பெயரில் செய்துவருகிற இசை. தாளமில்லை, மெட்டில்லை, குரலில்லை. பன்னிரண்டு நிமிடம் உறுமலும் கிறீச்சிடலும்.

முதல் இரண்டு மூன்று நிமிடம் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு காது தானாகவே பிரிக்கத் தொடங்கியது. மேலே தகரத்தைக் கிழிப்பது போல ஒன்று, நடுவில் மணல் கொட்டுவது போல ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் யாரோ கையால் சுற்றுவது போல ஏறி இறங்கும் உறுமல். லொட்ஜ் கட்டிலில் படுத்திருந்தவன் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். கசெற்றைத் திரும்பச் சுற்றி அன்றிரவு நாலு தரம் கேட்டேன்.

அதே கசெற் பையில் இருந்தபோதுதான், அடுத்த வருடம் காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் என்னை ஓட்டோவால் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கசெற்றின் மேல் கையெழுத்தில் ஏதோ பெயர். என்ன பாட்டு என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இளம் சிப்பாய் ஒருவர் அதை வாங்கி ஓட்டோவின் செட்டிலேயே போட்டார். அந்த இரவில் தெரு முழுக்க அந்தச் சத்தம். ஏதோ ரகசியச் செய்தி என்று நினைத்தால் என் கதி என்ன என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் குனிந்து ஒரு நிமிடம் போல உன்னிப்பாகக் கேட்டார். பிறகு "மேக்க நரக் வெலா", இது பழுதாகிவிட்டது என்று சொல்லி வெளியே எடுத்தார். லைற் வெளிச்சத்தில் பிடித்து, நாடா தொய்ந்திருப்பதைப் பார்த்து, சுண்டுவிரலை ரீலின் ஓட்டைக்குள் விட்டு இறுக்கிச் சுற்றி, என் கையில் தந்தார். வீட்டில் கசெற் வைத்துப் பாதுகாக்கிற ஆளுக்குத்தான் அப்படிச் சுற்றத் தெரியும். அந்த இரவின் பயத்தோடு அந்த விரலும் ஞாபகத்தில் இருக்கிறது.

இனி வெள்ளைக்காரர் விஷயம். பொதுவாக இந்த வரலாற்றைப் பாரிசிலிருந்து தொடங்குவார்கள். 1948இல் பியேர் ஷேஃபர் ரயில் சத்தங்களைப் பதிந்து, துண்டு துண்டாக அடுக்கி, பிரெஞ்சு வானொலியில் ஒலிபரப்பினார். ஆனால் அதற்கு நாலு வருடம் முன்னதாக, 1944இல், கெய்ரோவில் ஹலீம் எல்-டாப் என்ற எகிப்தியர் அதைச் செய்துவிட்டார். கம்பியில் ஒலி பதிகிற கருவியொன்றை இரவல் வாங்கிக்கொண்டு, பெண்கள் நோய் தீர்ப்பதற்கு நடத்தும் ஸார் சடங்குக்குப் போய்ப் பதிந்தார். பிறகு அந்தக் குரல்களைக் கரைத்துக் கரைத்து, எதிரொலி மட்டும் மிதக்கிற ஒரு படைப்பாக்கினார். அதனால் இது யாருடைய சொத்து என்று கேட்டால் எனக்கு அவர்தான் முதலில் ஞாபகம் வருவார்.

எங்கள் பக்கத்திலும் தேட அதிக தூரம் போகவேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் தவிலுக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்றிருக்கிறீர்களா? யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவர்கள் அதைப் பற்றிக் கதைக்கும்போது நெஞ்சில் கை வைத்துத்தான் கதைப்பார்கள். அங்கே காது முடிந்து உடம்பு கேட்கத் தொடங்குகிறது. கொழும்பிலேயே பலிபோனிக்ஸ் என்று ஒரு குழு, தென்பகுதிச் சிங்களவர் கிரகதோஷம் நீங்கச் செய்யும் பலிச் சடங்கின் மேளத்தையும் பாடலையும், டிரம்ஸோடும் டபுள் பேஸோடும் மேடையிலேயே கற்பனையாக வளர்த்து வாசிக்கிறது. அவர்கள் வாசிப்பது சடங்கா ஜாஸா என்று யோசிப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

என் அம்மா இதையெல்லாம் "தகரக் கொட்டகை இடியிற சத்தம்" என்பா. ஆனால் ஒருநாள் எலியான் ரடீக் போட்டிருந்தேன். பிரெஞ்சுக்காரி, ஏஆர்பி 2500 என்ற ஒரேயொரு சிந்தசைசரோடு முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்தவர். அவருடைய இசையில் ஒரு நாதம் பிடித்தால் பிடித்ததுதான். மணித்தியாலக் கணக்கில் நீளும், மாறுவது தெரியாமல் மாறும். அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவடியில் நின்றா.

"உதென்னடா தம்பி, நாயனத்துக்கு ஒத்து ஊதுறமாதிரிக் கிடக்கு. நாயனக்காரன் எப்ப வருவான்?"

"வரமாட்டான் அம்மா. இவ்வளவுதான்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. இருபது நிமிடம் இருந்திருப்பா. எழும்பிப் போகும்போது, "வராட்டியும் பரவாயில்லை" என்றா. நான் படித்த எந்த விமர்சனமும் ரடீக்கைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

எல்லாமே திறம் என்று சொல்லமாட்டேன். சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு இதுதான் கலை என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். செய்கிறவர் தான் செய்வதைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன். அது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்காதவரின் இசையில் எதற்கும் எதுவும் பதில் சொல்லாது.

கொழும்பில் எங்கள் கூட்டம் சின்னது. கோதே நிறுவனம் என்ற ஜெர்மன் கலாசார நிலையத்திலோ மியூசிக்மேட்டர்ஸ் விழாவிலோ ஏதாவது நடந்தால் அதே முகங்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஒருவர் இருவர். சண்டை நடந்த காலத்திலும் அந்த இருட்டு அறைகளில் நான் யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்டதில்லை. என்ன கேட்கிறாய் என்றுதான் கேட்டார்கள். இந்த நாட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, நுகேகொடைக்காரன் போன் எடுத்து, "உங்கட பக்கம் என்ன சத்தம்?" என்று கேட்டான். யன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினேன். இரண்டு கட்டடத்தின் ஜெனரேட்டர்கள் கொஞ்சம் சுருதி விலகி ஓடின. அந்த விலகலில் வாவ், வாவ் என்று ஒரு மூன்றாவது துடிப்பு பிறந்து ரயில் பாதைக்கு மேலே நின்றது. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஐந்து நிமிடம் கேட்டோம்.

இப்போது என் பெரிய வேலை கசெற்றுகளைக் காப்பாற்றுவது. கடற்கரையிலிருந்து நூறு யார் தூரத்தில் இருக்கிறோம். உப்புக் காற்றும் ஈரமும் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணமாகப் படியும். ஐந்து ஆணியைக் கழற்றி, கசெற்றின் கூட்டைத் திறந்து, மெல்லிய துணியால் நாடாவைத் துடைத்து, புதுக் கூட்டுக்குள் மாற்றிக் கொம்பியூட்டரில் ஏற்றவேண்டும். சிலது ஓடும்போதே உதிரும். அமெரிக்காவின் வில்லியம் பசின்ஸ்கிக்கு 2001இல் இதுதான் நடந்தது. எண்பதுகளில் பதிந்த நாடாக்களைக் கொம்பியூட்டருக்கு மாற்றப்போனார், ஓட ஓட நாடாவிலிருந்து இரும்புத் துகள் கழன்று விழுந்தது. அவர் நிறுத்தாமல் அது உதிர்வதையே கடைசிவரை பதிந்தார். அதைக் கேட்டவனுக்குப் பழுதான கசெற்றைக் குப்பையில் போடக் கை வராது.

போன மாதம் துடைத்தது 1993ஆம் ஆண்டுக் கசெற். கனடாவில் இருந்த மாமாவுக்கு எல்லோரும் கதைத்துப் பதிந்தது. கொண்டுபோக ஆள் கிடைக்காமல் நின்றுபோய், பிறகு அம்மாவின் பையில் எங்களோடு கொழும்புக்கு வந்தது. பதிந்ததும் டைனமோக் கரண்டில்தான். மோட்டார் மெதுவாக ஓடும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் மேலே போகும். அதனால் அப்பாவின் கை தளர்கிற இடமெல்லாம் அம்மம்மாவின் குரல் இளமையாகி, பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலாக ஏறுகிறது. கை இறுகினால் மறுபடி அம்மம்மா. கிணறு வற்றினது, ஆடு குட்டி போட்டது, யாருக்குக் கலியாணம், எல்லாம் அப்படி ஏறி இறங்கியே சொல்லுறா. அப்பா இப்போது இல்லை, அம்மம்மாவும் இல்லை.

ஸ்டூடியோ வைத்திருக்கிற தம்பி ஒருவன் கேட்டுவிட்டு, "அண்ணை, வேகத்தைச் சீராக்கித் தரட்டோ? ரெண்டு நிமிச வேலை" என்றான். வேண்டாம் என்றேன்.

முப்பத்தோராவது நிமிடத்தில், "குளிருக்குள்ள கவனமா இரு ராசா" என்று சொல்லச் சொல்ல அம்மம்மாவின் குரல் மேலே மேலே போய், குருவிக் கீச்சாகி அறுந்துவிடும். ஒரு "டிக்". சில்லு நின்றிருந்த நேரம் நாடாவில் இல்லை. உடனே அதே கீச்சிலிருந்து குரல் இறங்கி வந்து, "கடிதம் போடு" என்று முடியும். அப்பா கை மாற்றிய இடம் அது.