கேட்டுக்குள் போக மறுக்கும் குதிரை: உடனே மாற்ற வேண்டாம்

பந்தயம் தொடங்குமுன் குதிரைகளை நிறுத்தும் கூண்டான ஸ்டார்ட்டிங் கேட்டில் விழுந்ததிலிருந்து குதிரை உள்ளே போக மறுக்கிறது, வேறு குதிரைக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே மாற வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் அதன் முதுகையும் கால்களையும் காட்டிவிடுங்கள். வலி இருந்தால் எந்தப் பயிற்சியும் எடுபடாது.

வலி இல்லையா? சரி, பந்தயத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, முன்னும் பின்னும் திறந்த கேட் வழியாக நிதானமாக நடத்திக்கொண்டு போங்கள். தயங்கினால் இழுக்காதீர்கள், கூடவே நில்லுங்கள். காது உங்கள் பக்கம் திரும்பும், தலை மெல்லத் தாழும், வாய் அசைபோடும். அதற்கப்புறம்தான் அடுத்த அடி. மேலே ஏறியதும் உங்களையும் கவனியுங்கள். உங்கள் தொடை இறுகுவதும், மூச்சு நிற்பதும், கடிவாள வாரைக் கெட்டியாகப் பிடிப்பதும் குதிரைக்கு உடனே தெரிந்துவிடும். பயம் அங்கிருந்தும் தொற்றும்.

இங்கிலாந்தின் தடை தாண்டும் குதிரைப் பந்தயமான கிராண்ட் நேஷனலில் 1981-இல் வென்ற குதிரையோட்டி பாப் சாம்பியன் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். அவரைச் சுமந்த அல்டனிட்டியும் கால் காயங்களால் நெடுநாள் ஓட முடியாமல் இருந்த குதிரைதான். அந்த இருவருக்காகவும் காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். நீங்களும் பயிற்சியாளரிடம் தயங்காமல் அவகாசம் கேளுங்கள். விழுந்ததில் உங்கள் தலையில் அடிபட்டிருந்தால், மருத்துவர் சொல்லும்வரை ஏறவே ஏறாதீர்கள்.