மீனுக்கு ‘வளர்த்தி ஊசி’ உண்டா?

தொட்டியில் மீன் வளர்ப்பவர்களும் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் கேட்டவற்றில் சில.

ஒரே நாளில் விட்ட திலாப்பியாக் குஞ்சுகளில் சில உள்ளங்கை அளவு, சில இன்னும் பெருவிரல் அளவுதான். சின்னதுக்கு ஓமோன் குறைவா? (நோர்வூட்)

உடனே ஓமோனுக்குப் போகாதீர்கள். தீனி போட்டுவிட்டுப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். என் தொட்டியில் ஒரு தடியன் இருந்தான், புண்ணாக்கு உருண்டை தண்ணீரில் விழுந்ததும் மற்றதையெல்லாம் மூலைக்கு விரட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பான். விரட்டுப்படும் மீனுக்கு கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஓமோன் ஏறும், பசியும் மட்டுப்படும். பருமன் பார்த்துப் பிரித்து விடுங்கள்.

மனிதரில் பரிவகக்கீழ் (மூளையின் அடிப்பகுதி) இரத்தம் வழியாகக் கபச்சுரப்பியை (வளர்ச்சி ஓமோன் சுரக்கும் சுரப்பி) ஆள்கிறது. மீனிலுமா? (தலவாக்கலை, உயர்தர மாணவி)

இல்லை மகள், இங்கேதான் மீன் வித்தியாசம். என்புமீன்களில் மூளையின் நரம்பு நுனிகளே கபச்சுரப்பிக்குள் இறங்கி, வளர்ச்சி ஓமோன் சுரக்கும் கலங்களுக்குப் பக்கத்திலேயே இரசாயனத்தை விடுகின்றன. அதுவும் ஒரு ஆள் வேலையில்லை. பொன்மீனில் டோபமைன், ஜி.என்.ஆர்.எச். (இனப்பெருக்க ஓமோன்களைத் தூண்டுவது), பேக்கப் (PACAP), நியூரோபெப்டைட் வை, கிரெலின் என்ற இரசாயனங்கள் எல்லாம் வளர்ச்சி ஓமோனை வெளியே தள்ளும். சோமாட்டோஸ்டாட்டின், செரட்டோனின், நோரெபிநெப்ரின் இழுத்துப் பிடிக்கும். சோமாட்டோஸ்டாட்டினை முதலில் பிரித்தெடுத்தது 1973இல், செம்மறியாட்டு மூளையிலிருந்து. மீனிலும் பிரதான கடிவாளம் அதுதான்.

டோபமைன் என்றால் சந்தோஷ இரசாயனம் தானே, அதற்கும் வளர்ச்சிக்கும் என்ன? (பண்டாரவளை)

அந்தப் பட்டப்பெயரை மறந்துவிடுங்கள். பொன்மீனில் அதே டோபமைன் கலத்திலுள்ள டி1 வாங்கியில் (இரசாயனம் வந்து ஒட்டும் இடம்) ஒட்டினால் வளர்ச்சி ஓமோன் கூடும், டி2 வாங்கியில் ஒட்டினால் முட்டையிடத் தூண்டும் ஓமோன் அடங்கும். கெண்டைக் குஞ்சு பொரிப்பவர்கள் ஜி.என்.ஆர்.எச். வகை ஊசியோடு டொம்பெரிடோனையும் சேர்த்துப் போடுவது இதனால்தான். நமக்கு வாந்திக்குக் கொடுக்கிற அதே மருந்து, மீனில் டோபமைனின் அந்த டி2 தடையை எடுத்துவிடுகிறது.

ஊருக்குப் போய்விட்டு இரண்டு கிழமை தீனி போடவில்லை. வளர்ச்சி ஓமோன் வற்றிப்போயிருக்குமா? (மஸ்கெலியா)

பெரும்பாலும் ஏறியிருக்கும்! பட்டினியில் ஈரல் அந்த ஓமோனின் பேச்சைக் கேட்பதை விட்டுவிடும், ஐ.ஜி.எஃப்.-1 (தசையையும் எலும்பையும் வளர்க்கும் ஓமோன்) சுரப்பது குறையும், அந்த ஐ.ஜி.எஃப்.-1தான் சாதாரண நாளில் “போதும்” என்று மேலே மூளைக்கும் கபச்சுரப்பிக்கும் சொல்லி அனுப்புவது. சொல்ல ஆளில்லாததால் மேலே ஓமோன் கூடிக்கொண்டே போகும், ஆனால் அது தசையை வளர்க்காது, சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து மீனை உயிரோடு வைக்கும். ஆக, இரத்தத்தில் ஓமோன் நிறைய இருக்கிறது என்பதை வைத்து மீன் வளர்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சரி, ஊசி போட்டால்? (ஹட்டன்)

ஆய்வுக்கூடத்தில் போட்டு மீன் வளர்ந்ததும் உண்மை. ஆனால் முந்நூறு குஞ்சைப் பிடித்துப் பிடித்துக் குத்துவது யார்? அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்ற மரபணு மாற்றிய சல்மன் வேறு வழி: அதில் வளர்ச்சி ஓமோன் மரபணுவுக்கு வேறொரு மீனின் விசையை (மரபணுவை இயக்கும் ‘சுவிட்ச்’) பொருத்தி, மூளையின் கடிவாளத்தையே தாண்டிவிட்டார்கள்.

நுவரெலியாவில் திலாப்பியா வளர ஏன் இழுக்கிறது?

குளிர். அதற்கு 25 முதல் 30 பாகை வேண்டும். உங்கள் தண்ணீர் ட்ரவுட்டுக்குத்தான் சரி.