தோர்ப் அபட்ஸ்: வயலுக்குள் ஓடுபாதையைக் கண்டுபிடிக்க

வணக்கம். இங்கிலாந்தில் நார்ஃபோக்கின் தோர்ப் அபட்ஸ் கிராமத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் வயலும் மெல்லிய கான்கிரீட் கோடுகளும்தான் தெரிகின்றன, இரண்டாம் உலகப் போரில் அங்கிருந்த அமெரிக்க 100-வது குண்டுவீச்சு விமானப் பிரிவின் ஓடுபாதை எங்கே என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தக் கோடுகளில்தான் விடை இருக்கிறது. போருக்குப் பின் இப்படிப்பட்ட விமானத் தளங்களின் கான்கிரீட்டை உடைத்துச் சாலை அடித்தளத்துக்கு விற்றார்கள். டிராக்டர் போக ஒரு ஓரத்தை மட்டும் விட்டார்கள். அதனால் அகலத்தை நம்பாதீர்கள், நீளத்தையும் கோணத்தையும் அளந்து பாருங்கள். அக்கால 'ஏ வகுப்பு' தளத்தில் (பிரிட்டனின் பொதுவான விமானத்தள வடிவமைப்பு) முதன்மை ஓடுபாதை 2000 கெஜம் (சுமார் 1830 மீட்டர்), மற்ற இரண்டும் 1400 கெஜம் (1280 மீட்டர்). மூன்றும் ஏறக்குறைய 60 பாகையில் வெட்டிக்கொள்ளும். இது பொது அளவு, தளத்துக்குத் தளம் கொஞ்சம் மாறும். நேர்கோடு என்றால் ஓடுபாதையின் மிச்சம். வளைந்து சுற்றினால் அது விமானங்கள் ஊர்ந்துபோன சுற்றுப்பாதை, அகலம் 50 அடி.

போர்க்கால ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனம்) வரைபடத்தில் தேடாதீர்கள், பாதுகாப்புக்காகத் தளங்களை அதில் காட்டாமல் விட்டுவிட்டார்கள். பாரம்பரியச் சின்னங்களுக்கான அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் 1940-களின் வான்படங்களைப் பாருங்கள்.

நேரில் போனால் 1:25,000 வரைபடத்தில் பச்சைக் கோடிட்ட பொதுப்பாதையில் மட்டும் நடங்கள். மற்ற கான்கிரீட் பாதைகளுக்கு விவசாயியின் அனுமதி வேண்டும். பழைய கட்டுப்பாட்டுக் கோபுரம் இப்போது அருங்காட்சியகம், முதலில் அங்கே கேளுங்கள்.