கோர்பச்சேவ், கொள்ளை – கடிதம்

அன்புள்ள ஐயா,

சோவியத் யூனியனின் கடைசித் தலைவர் கோர்பச்சேவை நல்ல மனிதர் என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 'ஊழலே தெரியாத நாட்டைத் திருடர்களிடம் தூக்கிக் கொடுத்தவன்' என்று கடைசிவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். ரஷ்யாவில் பிறகு நடந்த கொள்ளைக்கு அவர் பொறுப்பில்லையா?

ர.

அன்புள்ள ர.,

அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களை வாசித்து வளர்ந்த பலருக்கு, 1991 டிசம்பர் 25 அன்று சோவியத் யூனியன் முடிந்து செங்கொடி இறங்கியது சொந்த வீட்டு இழவு. ஆனால் ஊழலே தெரியாத நாடு என்பது உண்மையல்ல. கோர்பச்சேவுக்கு முன்பு சோவியத் தலைவராக இருந்த பிரெஷ்னேவ் காலத்தில் உஸ்பெகிஸ்தானில் விளையாத பருத்தியை விளைந்ததாகக் கணக்கெழுதி, ஆண்டுக்கணக்கில் மாஸ்கோவிடம் பணம் வாங்கினார்கள். பிரெஷ்னேவின் மருமகன் சுர்பானோவ், உள்துறைத் துணை அமைச்சராக இருந்தவர், 1988ல் லஞ்ச வழக்கில் 12 ஆண்டு தண்டனை பெற்றார். அதை மக்கள் செய்தித்தாளில் படிக்க முடிந்ததே கோர்பச்சேவால்தான்.

அவர் சறுக்கியது வேறிடத்தில். 1987ல் வந்த அரசு நிறுவனச் சட்டம் ஆலை இயக்குநர்களுக்குத் தன்னாட்சி கொடுத்தது. மறு ஆண்டுச் சட்டம் கூட்டுறவு என்ற பெயரில் தனியார் தொழிலை அனுமதித்தது. விலையோ பெரும்பாலும் அரசு வைத்ததுதான். இயக்குநர் மைத்துனன் பெயரில் ஒரு கூட்டுறவைத் தொடங்குவார். ஆலைச் சரக்கை அரசு விலைக்கு அதன் பேரில் எழுதிவிடுவார். அது வெளியே சந்தை விலைக்குப் போகும். லாபம் வீட்டுக்கு, நஷ்டம் அரசுக்கு. முன்பு தட்டிக்கேட்கக் கட்சியாவது இருந்தது. அதன் பிடியைத் தளர்த்தியவர், அந்த இடத்தில் நேர்மையான தணிக்கையையும் நீதிமன்றத்தையும் உட்கார வைக்கவில்லை. கிடங்குச் சாவி பழைய கைகளிலேயே இருந்தது. இதற்கு அவர்தான் பொறுப்பு. இதை மழுப்பிவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வராது.

பெருங்கொள்ளை அதன்பின் ரஷ்ய அதிபராக ஆண்ட எல்த்சின் காலத்தது. 1992 ஜனவரியில் விலைக்கட்டுப்பாடு போனது. ஓய்வூதியக்காரர்களின் ஆயுள் சேமிப்பு சில மாதங்களில் கரைந்தது. 1995ல் நோரில்ஸ்க் நிக்கல் என்ற அரசு சுரங்க நிறுவனத்தின் 38 சதவீதப் பங்கு சுமார் 17 கோடி டாலருக்குக் கைமாறியது. ஏலம் நடத்திய வங்கியே ஏலத்தையும் எடுத்தது. அதைவிட அதிகம் கேட்டவர்களைத் தள்ளிவிட்டார்கள். அப்போது கோர்பச்சேவிடம் எந்தப் பதவியும் இல்லை. 1996 அதிபர் தேர்தலில் அவருக்கு ஒரு சதவீத ஓட்டுகூட விழவில்லை.

நான் அவரை நல்லவர் என்றது இன்னொன்றை நினைத்து. நோபல் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, 'நோவயா கஸெத்தா' பத்திரிகைக்கு முதல் கணினிகள் வாங்க உதவினார். அந்தக் கொள்ளையையெல்லாம் தோண்டி எழுதிய பத்திரிகை அது. அதன் செய்தியாளர் அன்னா பொலித்கோவ்ஸ்கயா 2006ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 செப்டம்பர் 3 அன்று கோர்பச்சேவின் இறுதிச் சடங்குக்குப் புதின் வரவில்லை. கோர்பச்சேவின் படத்தை ஏந்தி சவப்பெட்டிக்கு முன்னால் நடந்தவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் முராத்தோவ். இரண்டு நாள் கழித்து மாஸ்கோ நீதிமன்றம் ஒன்று அதன் உரிமத்தை ரத்து செய்தது.