வெளிநாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆறு மாதம் வேலை செய்யப் போகலாமா? அங்கே அன்றாடம் எப்படி இருக்கும்?

கேட்ட விதத்தைப் பார்த்தால், படிப்பை முடித்துவிட்டு வேலையில் சேரும்முன் கையில் ஆறு மாதம் வைத்திருப்பவர் என்று தோன்றுகிறது. தவறென்றால் மன்னியுங்கள். நான் அப்படியொரு இல்லத்தில் சில வருடம் 'ஹவுஸ் மதர்' ஆக, அதாவது ஒரு வீட்டுப் பிள்ளைகளை அம்மா மாதிரி பார்த்துக்கொள்பவளாக, இருந்தவள். எந்த நாடு, எந்த இல்லம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் கதையை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அன்றாடம் என்றால் முக்கால்வாசி துணி துவைப்பதுதான். படுக்கையை நனைக்கும் பிள்ளைக்கு ரப்பர் ஷீட், விரிப்பு, அதன்மேல் மறுபடி ரப்பர் ஷீட், விரிப்பு என்று இரண்டடுக்காகப் போட்டுவைப்போம். நடுராத்திரி மேலடுக்கை மட்டும் உருவிவிட்டால் போதும், விளக்குப் போட வேண்டாம், பக்கத்துக் கட்டில்காரனுக்கும் தெரியாது. பேன் விஷயம் இன்னும் மோசம். ஒரு தலையில் கண்டால் அன்றைக்கே எல்லாத் தலையையும் பார்த்தாக வேண்டும். ஈர் பொரிந்து வருமே என்று ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடியும் அதே கூத்து.

சின்னம்மை வந்ததைச் சொல்கிறேன், அதிலேயே எல்லாம் இருக்கிறது. முதலில் ஒரு பையனுக்கு வந்தது. இந்த நோய் தொற்றியபின் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே வீச்சில் வராது. ஒரு அணி கொப்புளம் காய்ந்து பள்ளிக்குப் போகும் நேரத்தில் அடுத்த அணி படுக்கும். (தடுப்பூசி போடவில்லையா என்று கேட்கக் கிளம்பியிருப்பீர்கள். பல பிள்ளைகள் வரும்போது கையில் ஒரு காகிதமும் இருக்காது, ஊசி போட்டதா என்று சொல்ல ஆளும் இருக்காது.) கூட வேலை பார்த்தவர்களில் ஒருவருக்கு அம்மை வந்ததே இல்லை, அதோடு கர்ப்பிணி வேறு. அவரை வரவேண்டாம் என்றாகிவிட்டது. அவருடைய ஷிஃப்டும் என் தலையில்.

அந்தப் பையனுக்கு ஒரு தங்கை. அவனைத் தனி அறையில் போட்டதும் அவள் சாப்பிட மறுத்தாள். இரண்டாம் நாள் காலையில் முகம், கை, வயிறு எல்லாம் சிவப்புப் புள்ளியோடு வந்து நின்று, "எனக்கும் வந்துவிட்டது" என்றாள். நெற்றிப் புள்ளி ஒன்றுக்கு வால் இருந்தது. அழியாத மார்க்கர் பேனா! தேய்த்துப் பார்த்தோம், போகவில்லை. வந்த டாக்டர் சிரித்துவிட்டு, புள்ளி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இது பரவத் தொடங்கிவிடும், அவளுக்குத் தொற்றியிருந்தால் ஏற்கெனவே தொற்றியிருக்கும், அண்ணனோடு விடுங்கள் என்றார். நிர்வாகிக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அவளை அண்ணனோடு விட்டுவிட்டோம். மார்க்கர் கறை போகும்வரை பள்ளியிலும் சேர்க்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே அம்மை போட்டபோது அண்ணன் குணமாகி விளையாடப் போயிருந்தான். அந்தக் கோபம் அவளுக்கு வெகுநாள் ஆறவில்லை.

சந்தோஷங்களும் இதே ரகம்தான். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்குக் காகிதத்தில் ஜனவரி 1 என்று எழுதிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அவரவர் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றேன். ஒருவன் அடுத்தவன் கேக்கைப் பார்த்த மறுநாளெல்லாம் தேதியை மாற்ற மனுக் கொடுப்பான்.

இனி "இல்லமே கூடாது, குடும்பம்தான் வேண்டும்" என்று வருபவர்களுக்கு: தெரியும். 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல்களிலேயே அது இருக்கிறது. வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது, மூன்று வயதுக்குட்பட்டவர்களைக் குடும்பச் சூழலில்தான் வளர்க்க வேண்டும், உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக்கூடாது. ருமேனியாவில் 2000இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்விலும், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள், அதுவும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், இல்லத்திலேயே இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று ராத்திரி அந்தக் கட்டிலில் படுத்திருப்பவளுக்கு யாராவது விரிப்பு மாற்ற வேண்டுமே.

சம்பந்தமில்லாத ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் போன நேர்காணல்களில் எல்லாம், "இந்த வருடங்களில் ஏன் இடைவெளி?" என்றார்கள். பன்னிரண்டு பேருக்கு மருந்து அட்டவணை, பள்ளிக் கூட்டம், நீதிமன்ற அறிக்கை, ராத்திரி ஷிஃப்ட், இதற்குப் பெயர் இடைவெளியாம். ஒரு பெரிய மனிதர் "சேவை செய்தீர்களா, சரி, வேலை எப்போது செய்தீர்கள்?" என்றே கேட்டார். சம்பளம் வாங்கினேன் ஐயா, குறைவாக.

உங்கள் ஆறு மாதத்துக்கு வருகிறேன். யார் வந்தாலும் ஓடிவந்து மடியில் ஏறும் பிள்ளையைப் பார்த்து "என்ன பாசம்!" என்று விருந்தாளிகள் உருகுவார்கள். அது பாசமல்ல, வந்து வந்து போனவர்களால் ஏற்பட்ட பழக்கம். நீங்களும் வந்து போகிறவர்தானே? அதனால் போவதென்றால் துணி, சமையலறை, கணக்கு, வண்டி ஓட்டுவது மாதிரி வேலையைக் கேளுங்கள். அந்த நேரத்தை அங்கேயே நிரந்தரமாக இருப்பவர்கள் பிள்ளைகளோடு செலவிடட்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாமல், "வாருங்கள், பிள்ளைகளோடு விளையாடுங்கள், இவ்வளவு கட்டுங்கள்" என்று அழைக்கும் இல்லமாக இருந்தால் போகாதீர்கள்.